சாங்கி முதல் சாங்கி வரை: ஐந்து பறப்புகளின் தூரமும் நேரமும்

நாள் 1: சிங்கப்பூர் சாங்கி → டோக்கியோ நரிட்டா

கிழக்கு நோக்கியே போய் உலகத்தை ஒரு சுற்றுச் சுற்றி வரும் பயணம் இது. சாங்கி, நரிட்டா, லாஸ் ஏஞ்சலிஸ், நியூயார்க், லண்டன், மறுபடி சாங்கி. பருவம் குளிர்காலம். எட்டு நாளும் எழுதப்போவது இரண்டே விஷயங்கள்: இரு விமான நிலையங்களுக்கு இடையே எவ்வளவு தூரம், அதைக் கடக்க எவ்வளவு நேரம். தூரம் மாறாது. நேரம் ஒவ்வொரு நாளும் வேறு வேறு காரணத்தால் நீளும், குறுகும்.

இன்றைய டிக்கெட்டில் புறப்பாடு 09:30, வருகை 17:20. இரண்டுக்கும் நடுவே 7 மணி 50 நிமிடம் தெரிகிறது. டோக்கியோ ஒரு மணி நேரம் முன்னால் ஓடுவதால் உண்மையான பயண நேரம் 6 மணி 50 நிமிடம். டிக்கெட்டில் இருக்கும் எல்லா நேரமும் அந்தந்த ஊர் நேரம். ஆகவே இரண்டையும் முதலில் யூடிசிக்கு, அதாவது உலகப் பொது நேரத்துக்கு, மாற்றிவிட்டுக் கழிக்க வேண்டும். 09:30 சிங்கப்பூர் என்றால் 01:30 யூடிசி; 17:20 டோக்கியோ என்றால் 08:20 யூடிசி. இந்த ஒரு பழக்கம் இருந்தால் எந்த டிக்கெட்டும் குழப்பாது.

தூரத்தை டிக்கெட்டில் தேடிப் பயனில்லை, நாமே போட்டுப் பார்க்கலாம். சாதாரண சயின்டிஃபிக் கால்குலேட்டர் போதும். சாங்கி: வடக்கு 1.35, கிழக்கு 103.99. நரிட்டா: வடக்கு 35.76, கிழக்கு 140.39. தீர்க்கரேகை வித்தியாசம் 36.40 பாகை.

முதலில் இரு அட்சரேகைகளின் சைன் மதிப்புகளைப் பெருக்குங்கள்: 0.02356 × 0.58439 = 0.01377. அடுத்து இரண்டின் கோசைன்களையும் தீர்க்கரேகை வித்தியாசத்தின் கோசைனையும் சேர்த்துப் பெருக்குங்கள்: 0.99972 × 0.81147 × 0.80489 = 0.65296. கூட்டினால் 0.66673. இதன் தலைகீழ் கோசைன் 48.185 பாகை. பூமியின் மேற்பரப்பில் ஒரு பாகை 111.195 கிலோமீட்டர், ஆக விடை 5,358 கிலோமீட்டர். அதே 48.185ஐ 60ஆல் பெருக்கினால் 2,891 கடல் மைல். விமானி பேசுவது இந்தக் கணக்கில்தான்.

பிழை வருவது பெரும்பாலும் மூன்று இடங்களில். கால்குலேட்டர் ரேடியனில் இருந்தால் விடை அபத்தமாக வரும், உடனே தெரிந்துவிடும். மேற்குத் தீர்க்கரேகைக்குக் கழித்தல் குறி போட மறந்தாலும் பெரும்பாலும் தெரியும். மூன்றாவதுதான் சட்டென்று கண்ணில் படாதது: 1 பாகை 21 நிமிடம் என்பதை 1.21 என்று எழுதிவிடுவது. 21ஐ 60ஆல் வகுத்து 1.35 என்று எழுத வேண்டும். இந்தத் தவறு சில கிலோமீட்டர் முதல் சில பத்துக் கிலோமீட்டர் வரை ஆளை ஏமாற்றும். பூமி துல்லியமான உருண்டை இல்லை என்பதால் இந்தச் சூத்திரத்துக்கும் கொஞ்சம் விலகல் உண்டு, ஆனால் அது அரை விழுக்காட்டைத் தாண்டாது. பயணத் திட்டத்துக்கு இது தாராளம்.

இனி நேரம். நீண்ட தூரப் பெரிய விமானங்கள் மாக் 0.85 அளவில் பறக்கின்றன. பதினோரு கிலோமீட்டர் உயரத்தில், மைனஸ் 56 பாகைக் குளிரில், ஒலியின் வேகம் மணிக்கு சுமார் 1,062 கிலோமீட்டர்; அதில் 0.85 பங்கு 903. ஆனால் 5,358ஐ 903ஆல் வகுத்து 5 மணி 56 நிமிடம் என்று எடுத்துக்கொண்டால் ஏமாந்துபோவோம். கிளம்பி அந்த உயரம் தொட இருபது நிமிடத்துக்கு மேல் ஆகும். 10,000 அடிக்குக் கீழே பொதுவாக 250 நாட் வரம்பு, அதாவது மணிக்கு 463 கிலோமீட்டர். இறக்கம் நரிட்டாவுக்கு இருநூறு கிலோமீட்டருக்கும் முன்பே ஆரம்பித்துவிடும். விமானிகளின் மனக்கணக்கு எளிது: ஆயிரம் அடிக்கு மூன்று கடல் மைல், ஆக 37,000 அடியிலிருந்து இறங்க 111 கடல் மைல். இந்த ஏற்ற இறக்கத்துக்காக அரை மணி நேரமும், இரு முனைகளிலும் தரையில் ஊர்வதற்கு இன்னொரு அரை மணி நேரமும் சேர்த்தால் டிக்கெட்டில் உள்ள 6:50க்குப் பக்கத்தில் வந்துவிடுகிறோம்.

நாள் 2: நரிட்டா

நேற்றைய பறப்பின் நான்கு நேரங்கள்: கேட்டிலிருந்து நகர்ந்தது 09:34, சக்கரம் தரையை விட்டது 09:52, நரிட்டாவில் தரை தொட்டது 17:04, கேட்டில் நின்றது 17:17. வானில் இருந்தது 6 மணி 12 நிமிடம். கேட்டிலிருந்து கேட்டுக்கு 6 மணி 43 நிமிடம்.

டிக்கெட்டில் இருப்பது இந்த இரண்டாவது கணக்கு. விமானத் தொழிலில் இதற்கு பிளாக் டைம் என்று பெயர். நிற்கும் விமானத்தின் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் முட்டுக் கொடுக்கும் கட்டை இருக்கிறதே, அதை எடுத்ததிலிருந்து மறுபடி வைக்கும்வரை என்பது அர்த்தம். ஜன்னலோர இருக்கையில் இருந்தால் கீழே பார்க்கலாம்: ஒருவர் கயிறு கட்டிய மஞ்சள் கட்டைகளை இழுத்துக்கொண்டு ஓரமாக நகர்வார், மூக்குச் சக்கரத்தோடு இணைத்த இழுவை வண்டி பின்னுக்குத் தள்ளத் தொடங்கும். 'புறப்பாடு 09:30' என்பது அந்தக் கணத்தைத்தான் குறிக்கிறது. ரன்வேயில் ஓடுவதை அல்ல.

ஆகவே புறப்பாடு நேரத்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கேட்டுக்கு ஓடிவந்து 'விமானம் இன்னும் நிற்கிறதே' என்று கேட்பதில் பயனில்லை. 09:30க்குக் கட்டை எடுக்க வேண்டுமென்றால் அதற்கு முன்பே கதவு மூடியிருக்க வேண்டும், எடைக்கணக்குத் தாள் விமானியின் கைக்குப் போயிருக்க வேண்டும், சரக்குக் கதவும் பூட்டப்பட்டிருக்க வேண்டும். கேட் மூடும் நேரம் போர்டிங் பாஸில் தனியாக அச்சாகியிருக்கும். கண் வைக்க வேண்டியது அதில்தான்.

விமான நிறுவனங்கள் பிளாக் டைமில் கொஞ்சம் கூட்டி வைப்பது வழக்கம். அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் கணக்கில், அட்டவணை நேரத்திலிருந்து 15 நிமிடத்துக்குள் வந்தால் 'நேரத்துக்கு வந்தது'. அந்தக் கணக்கில் தேற வேண்டும் என்பதும் கூட்டி வைக்க ஒரு காரணம். இது பயணிக்கு நல்லதுதான். அடுத்த விமானம் பிடிக்க வேண்டியவருக்கு, சொன்ன நேரத்துக்கு வந்து சேரும் ஏழு மணி நேரம், அடிக்கடி தாமதமாகும் ஆறரை மணி நேரத்தைவிட மேல்.

நாள் 3: நரிட்டா → லாஸ் ஏஞ்சலிஸ்

இந்தப் பயணத்தின் விசேஷமான நாள் இன்று. புறப்பாடு மாலை 17:00. வருகை அதே தேதி காலை 10:00.

யூடிசிக்கு மாற்றினால் மர்மம் விலகிவிடும். 17:00 டோக்கியோ என்பது 08:00 யூடிசி. குளிர்காலத்தில் லாஸ் ஏஞ்சலிஸ் யூடிசிக்கு எட்டு மணி நேரம் பின்னால், ஆக 10:00 என்பது 18:00 யூடிசி. பயணம் பத்து மணி நேரம். கோடையில் அமெரிக்கா கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னுக்கு நகர்த்தும், ஜப்பான் நகர்த்தாது. அப்போது இரண்டு ஊர்களுக்கும் வித்தியாசம் 17இலிருந்து 16 மணி நேரமாகிவிடும். மார்ச்சிலும் நவம்பரிலும் டிக்கெட் எடுப்பவர்கள், மாறும் அந்த ஞாயிற்றுக்கிழமையை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

அதே சூத்திரத்தில் தூரம் 8,754 கிலோமீட்டர். இரண்டு ஊர்களும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில் இருக்கின்றன. தட்டை வரைபடத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால் 35 பாகையை ஒட்டியே பசிபிக்கைக் கடக்கும். நேர்க்கோடுதானே குறுகியது என்று தோன்றும். கணக்குப் போட்டால் அந்தக் கோடு சுமார் 9,230 கிலோமீட்டர். உண்மையான குறுக்குவழி நடுவே வடக்கு 47.6 பாகை வரை வளைந்து ஏறி இறங்கும் பெருவட்டப் பாதை; 480 கிலோமீட்டர் மிச்சம். ஒரு பந்தை எடுத்து இரண்டு புள்ளிகளுக்கு நடுவே நூலை இறுக்கிப் பிடித்தால் நூல் எங்கே போகிறது என்பது கண்ணுக்கே தெரியும்.

அப்படியானால் இன்று விமானம் ஏன் அந்தக் குறுகிய பாதையை விட்டுத் தெற்கே விலகிப் பறந்தது? காற்றுக்காக.

ஒன்பது முதல் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் ஜெட் ஸ்ட்ரீம், குளிர்காலத்தில் ஜப்பானுக்கு மேலே உலகிலேயே மிக வலுவாக வீசும் இடங்களில் ஒன்றை உருவாக்குகிறது. மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டுவது அங்கே அபூர்வமல்ல. 1920களில் வசபுரோ ஓயிஷி என்ற ஜப்பானிய வானிலை ஆய்வாளர், டோக்கியோவுக்கு வடகிழக்கே டாடெனோவில் பலூன்களை ஏவி இந்தக் காற்றை அளந்தார். உலகம் முழுவதும் படிக்க வேண்டும் என்ற ஆசையில் 1926இல் எஸ்பெராண்டோ மொழியில் அறிக்கையை வெளியிட்டார். அதனாலேயே அதைப் படித்தவர்கள் மிகக் குறைவாகிப்போனார்கள். நரிட்டாவிலிருந்து கிளம்பும் ஒவ்வொரு விமானமும் அவர் அளந்த காற்றில்தான் ஏறிப் போகிறது.

இருக்கைத் திரையின் வரைபடப் பக்கத்தில் கிளம்பிய ஒன்றரை மணி நேரத்தில் இருந்த எண்கள்: உயரம் 11,278 மீட்டர், வெளி வெப்பநிலை மைனஸ் 58, பின்காற்று மணிக்கு 235, தரைவேகம் 1,138. கடைசி எண்ணிலிருந்து காற்றைக் கழித்தால் 903. நேற்று முன்தினம் கணக்குப் போட்ட அதே மாக் 0.85. விமானம் தன் வேகத்தைக் கூட்டவில்லை, அது மிதக்கும் காற்றே நகர்கிறது. ஓடும் ரயிலுக்குள் நடப்பது மாதிரி.

திரும்பி வரும்போது இதே காற்று எதிரே நிற்கும். டோக்கியோ நோக்கிய பறப்புகளுக்கு குளிர்காலத்தில் அட்டவணையிலேயே பதினொன்றரை, பன்னிரண்டு மணி நேரம் போட்டிருப்பார்கள். ஜெட் ஸ்ட்ரீமைத் தவிர்க்க அவை வடக்கே, அலூஷியன் தீவுகளின் பக்கம் ஒதுங்கிப் போவதும் உண்டு.

போகும்போது கிடைத்தது வரும்போது போகிறது, கூட்டிக் கழித்தால் சமம்தானே என்று பலரும் நினைக்கிறார்கள். சமம் இல்லை. விமானத்தின் வேகம் மணிக்கு 900, சராசரிக் காற்று 100 என்று வைத்துக்கொள்வோம். போக: 8,754 ÷ 1,000 = 8 மணி 45 நிமிடம். வர: 8,754 ÷ 800 = 10 மணி 57 நிமிடம். மொத்தம் 19:42. காற்றே இல்லாவிட்டால் போகவர 19:27. காற்று கால் மணி நேரத்தை எடுத்துக்கொண்டுவிடுகிறது. எதிர்காற்றுக்குள் இருக்கும் நேரம் அதிகம் என்பதுதான் காரணம்.

இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. இரட்டை இன்ஜின் விமானம் ஒரு இன்ஜின் நின்றாலும் குறிப்பிட்ட நிமிடங்களுக்குள், பல விமானங்களுக்கு 180 நிமிடங்களுக்குள், இறங்கக்கூடிய ஓடுபாதை இருக்கும்படிதான் பாதை போட வேண்டும். எட்டாப்ஸ் என்பது இதுதான். இந்தப் பெருங்கடலில் அலாஸ்காவின் கோல்டு பே, மிட்வே தீவு போன்ற சின்னஞ்சிறு இடங்கள் அதற்காகவே கணக்கில் நிற்கின்றன. அங்கே வானிலை மோசமானால் பாதை வளையும், நேரம் கூடும்.

நாள் 4: லாஸ் ஏஞ்சலிஸ் → நியூயார்க் ஜேஎஃப்கே

3,974 கிலோமீட்டர். 08:00 புறப்பாடு, 16:30 வருகை. மூன்று மணி நேர வித்தியாசத்தைக் கழித்தால் 5 மணி 30 நிமிடம். எதிர்த்திசையில் 18:00க்குக் கிளம்பி 21:15க்கு இறங்குவதாக ஒரு டிக்கெட் காட்டினால், அது 3 மணி 15 நிமிடமல்ல, 6 மணி 15 நிமிடம்.

விமானத்தின் வகையும் இங்கே கணக்கில் வருகிறது. ஒற்றை நடைபாதைச் சிறிய விமானங்கள் மாக் 0.78 அளவில் பறக்கும், மணிக்கு சுமார் 829 கிலோமீட்டர். பெரிய விமானத்தோடு ஒப்பிட்டால் இந்தத் தூரத்துக்கு ஏறக்குறைய 24 நிமிடம் அதிகம்.

நரிட்டாவிலிருந்து வந்த அன்றே இந்த விமானத்தைப் பிடிக்க நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அமெரிக்காவுக்குள் முதலில் கால் வைக்கும் நிலையத்தில்தான் குடிநுழைவுச் சோதனை. பெட்டி கடைசி ஊருக்கே டேக் போடப்பட்டிருந்தாலும், பொதுவாக அங்கேயே எடுத்து, சுங்கம் தாண்டி, மறுபடி கொடுக்க வேண்டும். பிறகு பாதுகாப்புச் சோதனை இன்னொரு முறை. ஒரே பிஎன்ஆரில் (முன்பதிவு எண்ணில்) இரண்டு பறப்பும் இருந்து தாமதத்தால் தவறினால், அடுத்ததில் ஏற்றிவிடுவது நிறுவனத்தின் பொறுப்பு. தனித்தனி டிக்கெட் என்றால் இரண்டாவது டிக்கெட் அப்படியே போய்விடும். தனி டிக்கெட்டில் நான்கு மணி நேரத்துக்குக் குறைவாக இடைவெளி வைக்காதீர்கள் என்பதே எங்கள் அழுத்தமான கருத்து.

நாள் 5, 6: நியூயார்க் → லண்டன் ஹீத்ரோ

5,540 கிலோமீட்டர், 19:00 புறப்பாடு, மறுநாள் 06:55 வருகை. ஐந்து மணி நேர வித்தியாசம் போக 6 மணி 55 நிமிடம்.

வட அட்லாண்டிக்கில் தினமும் புதிதாகப் பாதைகள் போடப்படுகின்றன. கனடாவின் கேண்டர் வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டு மையமும், ஷான்விக் என்று அழைக்கப்படும் பிரிட்டன்–அயர்லாந்துப் பக்கத்துக் கட்டுப்பாடும் அன்றைய காற்றைப் பார்த்து வகுப்பவை இவை. பகலில் மேற்கு நோக்கி, இரவில் கிழக்கு நோக்கி. 2020 பிப்ரவரி 9 அன்று கியாரா புயல் தள்ளிவிட்ட காற்றில் ஒரு பயணிகள் விமானம் நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்தது. தரைவேகம் மணிக்கு 1,300 கிலோமீட்டரைத் தாண்டியது. ஒலித்தடையை உடைத்துவிட்டது என்று சிலர் எழுதினார்கள். சுற்றியுள்ள காற்றோடு ஒப்பிட்டால் அது வழக்கமான வேகத்தில்தான் போனது. உண்மையாகவே ஒலியை முந்தியது கான்கார்டு: 1996 பிப்ரவரி 7, இதே பாதை, 2 மணி 52 நிமிடம் 59 விநாடி.

நேற்று இரவு காற்று நன்றாகவே இருந்தது. ஆனால் அந்த லாபம் எங்கே போனது என்று பாருங்கள். கேட்டிலிருந்து நகர்ந்தது 19:05. ஜேஎஃப்கேயின் மாலை நேர வரிசையில் ஊர்ந்து ஊர்ந்து, தரையை விட்டது 19:43. முப்பத்தெட்டு நிமிடம் தரையிலேயே. அட்லாண்டிக்கை விரைவாகக் கடந்து லண்டன் அருகே வந்ததும் காத்திருப்பு வட்டம்.

ஹீத்ரோவைச் சுற்றி பாவிங்டன், பிக்கின், லாம்போர்ன், ஆக்கம் என்று நான்கு இடங்களில் விமானங்கள் அடுக்கடுக்காகச் சுற்றி நிற்கும். ஒரு சுற்று சுமார் நான்கு நிமிடம். கீழ்த்தட்டில் இருப்பது இறங்க, மேலே இருப்பவை ஒவ்வொரு தட்டாக ஆயிரம் அடி இறங்கும். ஆண்டுக்கு 4,80,000 ஏற்ற இறக்கங்கள் என்ற வரம்புக்கு மிக அருகில், இரண்டே ஓடுபாதைகளில் நடக்கும் நிலையம் அது. அதிகாலைக்கு இரைச்சல் கட்டுப்பாடும் உண்டு. சீக்கிரம் வந்தால் சீக்கிரம் இறங்கலாம் என்பது அங்கே செல்லாது. திரையில் விமானப் பொம்மை நகரின் ஓரத்தில் முட்டை வடிவில் மூன்று சுற்றுச் சுற்றியது, 'மீதி நேரம்' என்ற எண் 14இலேயே தயங்கி நின்று பிறகு இறங்கியது. பன்னிரண்டு நிமிடம் அங்கே. தரை தொட்டது 06:41, கேட் 06:52.

அத்தனைக்கும் பிறகு மூன்று நிமிடம் முன்னதாகவே வந்து சேர்ந்தாயிற்று. பிளாக் டைமில் கூட்டி வைத்தது இப்படித்தான் செலவாகிறது.

நாள் 7: லண்டன் → சாங்கி

10,882 கிலோமீட்டர். இரவு 22:00 புறப்பாடு, மறுநாள் 19:20 வருகை. எட்டு மணி நேர வித்தியாசம் போக 13 மணி 20 நிமிடம்.

903ஆல் வகுத்தால் 12 மணி 3 நிமிடம். ஏற்ற இறக்கமும் ஊர்தலும் சேர்த்து 13 மணி ஆகும். காற்று பெரும்பாலும் சாதகம்தான் என்னும்போது இதைவிடக் குறைய வேண்டாமா? குறையவில்லை, ஏனென்றால் பெருவட்டப் பாதையில் போக முடியாது. அந்தப் பாதை ஜெர்மனி, போலந்து தாண்டி உக்ரைனின் வடக்கு, ரஷ்யா, கஜகஸ்தான், உஸ்பெகிஸ்தான், ஆப்கானிஸ்தான் மேலாக வட இந்தியாவுக்கு வரும். 2022 பிப்ரவரியிலிருந்து உக்ரைன் வான்வெளி பயணிகள் விமானங்களுக்கு மூடியிருக்கிறது; ரஷ்ய வான்வெளி பிரிட்டன், ஐரோப்பிய ஒன்றிய நிறுவனங்களுக்கு மூடியிருக்கிறது. ஆகவே தெற்கே இறங்கி கருங்கடல், துருக்கி, காஸ்பியன் வழியாகச் சுற்ற வேண்டியிருக்கிறது.

இதன் பாதிப்பை உச்சமாக உணர்ந்தது ஹெல்சின்கி–டோக்கியோ தடம். பெருவட்டத் தூரம் 7,850 கிலோமீட்டருக்குப் பக்கம், முன்பு ஒன்பதரை மணி நேரப் பயணம். இப்போது சுமார் 13 மணி நேரம். சில நாள் வட துருவத்தின் மேலாகவும் போகிறார்கள். இரண்டு ஊர்களும் ஒரு மீட்டர்கூட நகரவில்லை. தூரத்தை வைத்து நேரத்தை ஊகிக்கும் இணையக் கால்குலேட்டர்கள் இந்தத் தடத்துக்கு இன்றும் பத்து மணி நேரத்துக்குப் பக்கத்தில் காட்டினால் ஆச்சரியப்பட வேண்டாம், அவற்றுக்கு வான்வெளி தெரியாது. நேரத்துக்கு நடப்பு அட்டவணையையே பாருங்கள். அதே பறப்பு எண்ணின் கடந்த ஒரு வார உண்மை நேரங்களை விமானத் தடம்காட்டும் தளங்களில் பார்த்தால் இன்னும் நல்லது.

பெருவட்டத் தூரம் வேறொரு இடத்திலும் உதவும்: தாமத இழப்பீட்டில். ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதியும், அதைத் தன் சட்டமாக வைத்துக்கொண்ட பிரிட்டனும், 1,500, 3,500 கிலோமீட்டர் என்ற எல்லைகளை வைத்து இழப்பீட்டைப் பிரிக்கின்றன. அளவு பெருவட்டப்படி. வழியில் மாறிப் போனால் வளைந்த பாதையின் மொத்தம் கணக்கில்லை, முதல் ஊருக்கும் கடைசி ஊருக்கும் நேர்த் தூரமே கணக்கு என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2017இல் தெளிவாக்கியது. 'வந்து சேர்ந்த நேரம்' எது என்பதற்கும் 2014இல் அதே நீதிமன்றம் விடை சொல்லியிருக்கிறது: தரை தொட்டதல்ல, கேட்டில் நின்றதுமல்ல, குறைந்தது ஒரு கதவு திறந்து பயணிகள் இறங்கலாம் என்ற கணம். மூன்று மணி நேர எல்லையின் ஓரத்தில் இருக்கும் தாமதத்துக்கு இந்தச் சில நிமிடங்களே வழக்கை முடிவு செய்யும். கதவு திறந்ததும் மணியைப் பார்த்துக் குறித்து வையுங்கள்.

நாள் 8: சாங்கி

கிழக்கே சுற்றி வந்ததில் கடிகாரத்தை முன்னே நகர்த்திய கணக்கு: டோக்கியோவில் 1, பசிபிக்கில் 7, நியூயார்க்கில் 3, லண்டனில் 5, சாங்கியில் 8. கூட்டினால் சரியாக 24. பசிபிக்கில் தேதிக்கோடு ஒரு நாளைத் திருப்பிக் கொடுத்தது இதற்குத்தான். அதைக் கவனிக்காமல் தினமும் ஒரு கோடு போட்டு நாள் எண்ணியிருந்தால், காலண்டரைவிட ஒரு நாள் அதிகமாக இருக்கும். முதல் நாள் காலைக்குப் பிறகு சிங்கப்பூரிலேயே இருந்தவருக்கு ஏழு சூரிய உதயம். இந்தப் பாதையில் வந்தவருக்கு எட்டு. மேற்கே சுற்றிய மகெல்லன் குழுவில் மிஞ்சியவர்கள் 1522 ஜூலையில் கேப் வெர்டே தீவுகளில் இறங்கி இதன் மறுபக்கத்தைக் கண்டார்கள். அவர்களின் குறிப்பேட்டில் புதன்கிழமை, கரையில் வியாழக்கிழமை.

ஐந்து பறப்புகளின் பெருவட்டத் தூரம் 34,508 கிலோமீட்டர். அட்டவணைப்படி பிளாக் டைம் மொத்தம் 42 மணி 35 நிமிடம். வகுத்தால் மணிக்கு 810. நான்கு பாதைகளில் ஜெட் ஸ்ட்ரீம் பின்னாலிருந்து தள்ளியும், தரையிலும் வட்டத்திலும் வளைவிலும் போனது போக மிஞ்சிய வேகம் இது. புதிய இரண்டு ஊர்களுக்கு நேரத்தை ஊகிக்க வேண்டுமென்றால், 5,000 கிலோமீட்டருக்கு மேற்பட்ட கிழக்கு நோக்கிய பாதைகளுக்கு 810ஆல் வகுத்துப் பாருங்கள். மேற்கு நோக்கி என்றால் 740 வைத்தால் பெரும்பாலும் பக்கத்தில் வரும். வான்வெளி மூடியிருக்கும் தடங்களுக்கு இந்த எண்கள் பொருந்தா.

லண்டனில் நகர்ந்தது 22:07, தரையை விட்டது 22:24. சாங்கியில் தரை தொட்டது 19:04. கட்டை வைத்தது 19:16. கதவு திறந்தது 19:20.